ஆயா எழுதிய தேர்வு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

தேர்வு என்ற சொல்லைக் கேட்டாலே மாணவர் நெஞ்சம் படபடக்கும். நாம் பள்ளியில் சேர்ந்த நாள்தொட்டு எத்தனையோ தேர்வுகளை எழுதிவிட்டோம். இனியும் எழுதப் போகிறோம். ஆனால் பள்ளி வாசலையே மிதிக்காத ஒருத்தி, எழுபத்தைந்து வயதில், யாரும் பாடம் சொல்லித் தராமல், திடீரென ஒருநாள் தேர்வுக்கு உட்கார வைக்கப்பட்டால் எப்படி இருக்கும்? அவள் எழுதிய விடைத்தாளை வைத்து அவளுக்கு அறிவு இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்பும் சொல்லப்பட்டால்? அத்தகைய தேர்வு ஒன்றை என் ஆயா எழுதியதை அருகில் நின்று பார்த்தவன் நான். அதைப் பற்றியே இங்கு எழுத விழைகிறேன்.

என் ஆயா, அதாவது என் தந்தையைப் பெற்றவள், எங்கள் ஊரிலேயே பிறந்து, தன் தாய்மாமனையே மணந்து, பக்கத்துத் தெருவுக்கு வாழ வந்தவள். அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் எங்கள் பகுதியில் புளி தட்டும் பெண்களுக்கெல்லாம் அவள்தான் கணக்குப்பிள்ளை. மாசி, பங்குனி மாதங்களில் வியாபாரி மூட்டை மூட்டையாகப் புளியைக் கொண்டுவந்து இறக்குவார். ஓடு நீக்கி, நார் உரித்து, கொட்டை எடுத்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்து தட்டுவார்கள். வியாபாரி நோட்டில் எழுதிக்கொள்வார். ஆயா ஒரு மண்சட்டியில் புளியங்கொட்டைகளைப் போட்டு எண்ணிக்கொள்வாள். வாரக் கடைசியில் இரண்டு கணக்கும் மோதும்போது, பெரும்பாலும் நோட்டுதான் தோற்கும்.

என் தந்தையார் கல்குவாரியில் கூலி வேலை பார்ப்பவர். தாயார் ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் நுழைந்த முதல் ஆள் நான். சேர்க்கைக்குப் பணம் கட்ட வேண்டிய நாளில், ஆயா தன் இடுப்பில் இருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, மடித்து மடித்துச் சிறுத்துப் போன நோட்டுகளை எடுத்து என் கையில் வைத்தாள். “கணக்குப் படி சாமி. நம்ம வீட்டுக்குக் கணக்குதான் ஆகி வரும்” என்றாள். நான் கணிதம் எடுத்ததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

நான் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தபோது வீட்டில் ஒரு மாற்றம் தெரிந்தது. ஆயா சொன்னதையே சொன்னாள். ஒருநாள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனவள், ஆடுகள் திரும்பி வந்த பிறகும் வரவில்லை. தேடிப் போனால், ஏரிக்கரையில் நின்று எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகுதான் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது என்று முடிவாயிற்று.

2024 அக்டோபர் 5ஆம் நாள், சனிக்கிழமை. நானும் தந்தையாரும் அவளை அழைத்துக்கொண்டு போனோம். மருத்துவமனையின் பெயர் இங்கு வேண்டாம். கூட்டம் மிகுதி. எங்களுக்கு முன்னால் அறுபது பேர் இருப்பார்கள். முறை வந்தபோது இளைஞர் ஒருவர், அச்சிட்ட தாள் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்கத் தொடங்கினார். ஆயாவுக்குக் காது சற்று மந்தம். ஆகவே அவர் கேட்பதை அவள் காதருகில் உரக்கச் சொல்லும் வேலை எனக்கு வந்தது.

“பாட்டி, இது எந்த வருஷம்?”

ஆயா சிரித்தாள். “அதெல்லாம் படிச்சவங்களுக்குத்தான் சாமி தெரியும்.”

“என்ன மாதம்?”

“புரட்டாசி.”

அவர் தாளில் பெருக்கல் குறி இட்டார். அவர் எதிர்பார்த்த விடை அக்டோபர்.

“தேதி?”

“அமாவாசை கழிஞ்சு மூணாம் நாளு.”

மீண்டும் ஒரு பெருக்கல் குறி. வீட்டுக்கு வந்த பின் நாட்காட்டியைப் பார்த்தேன். மகாளய அமாவாசை அக்டோபர் 2ஆம் நாள். ஆயா சொன்னது சரி.

“இப்ப என்ன பருவம்?”

“கடலைக்காய் புடுங்கற பருவம்.”

அதற்கும் மதிப்பெண் இல்லை. என்ன கிழமை என்பதற்கு மட்டும் தப்பவில்லை. புரட்டாசிச் சனிக்கிழமை பெருமாளுக்கு விரதம் இருப்பவள் அவள். அன்றும் ஒன்றும் சாப்பிடாமல்தான் வந்திருந்தாள். காலை ஆறு மணிக்குக் கிளம்பி, பகல் பன்னிரண்டு மணிக்குப் பட்டினியாகத் தேர்வுக்கு உட்கார்ந்தவள் என்பதைக் கேட்பதற்கு அந்தத் தாளில் இடமில்லை.

“எந்த மாவட்டம்?”

“சேலம் ஜில்லா.”

இங்கேதான் எனக்கே முகம் சிவந்தது. பிறகு எண்ணிப் பார்த்தேன். அவள் பிறந்தபோது எங்கள் ஊர் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. 1965இல் தருமபுரி மாவட்டம் பிரிந்தது. 2004இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது. ஒரே ஊரில் இருந்துகொண்டே மூன்று மாவட்டங்களில் வாழ்ந்தவள் அவள். ஊர் நகரவில்லை. எல்லைதான் அவள்மீது நகர்ந்து போயிற்று.

பிறகு மூன்று சொற்களைச் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார்: ஆப்பிள், மேசை, காசு. ‘மேசை’ என்றது அவள் காதில் ‘மீசை’ என்று விழுந்தது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். சற்று நேரம் கழித்து அந்த மூன்று சொற்களைத் திருப்பிக் கேட்டார். அவள் மீண்டும் என் முகத்தைப் பார்த்தாள். நான் உதட்டை மட்டும் அசைத்து ‘காசு’ என்றேன். “தம்பி, சொல்லிக் கொடுக்காதீங்க” என்றார் அவர். தேர்வு அறையில் துண்டுச்சீட்டுடன் பிடிபட்டவன் போல் தலைகுனிந்தேன்.

காகிதத்தை வாங்கி, பாதியாக மடித்து, கீழே வைக்கச் சொன்னதை மட்டும் பிசகாமல் செய்தாள். அடுத்து, எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய்ய வேண்டும். ஒரு வாக்கியம் எழுத வேண்டும். ஒன்றோடொன்று வெட்டிக்கொள்ளும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய வேண்டும். பேனாவை அவள் கையில் கொடுத்தபோது, அவள் கட்டை விரலை நீட்டி மையைத் தேடினாள். அந்தக் காட்சியை என்னால் மறக்க முடியவில்லை.

முப்பதுக்குப் பதினொன்று. ‘கடுமையான மறதி நோய்’ என்று சீட்டில் எழுதப்பட்டது. அந்த இளைஞர்மீது எனக்குக் கோபம் இல்லை. அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. அவர் கையில் இருந்த தாள் அது ஒன்றுதான்.

பதினொன்று என்ற அந்த எண் எங்களுக்கு முன்னே வீடு போய்ச் சேர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அன்று மாலையே அடுப்பு அவளிடமிருந்து பறிக்கப்பட்டது. ஆடுகள் பக்கத்து வீட்டார் பொறுப்பில் விடப்பட்டன. சுருக்குப் பையை அம்மா வாங்கி அரிசிப் பானைக்குள் வைத்தார். மறுவாரம் சித்தப்பா வந்தார். ஆயா பெயரில் முக்கால் ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. “இன்னும் கொஞ்ச நாள் போனா அவங்க கைநாட்டு செல்லாது. சீக்கிரம் பத்திரத்த முடிச்சிடணும்” என்று அவர் அப்பாவிடம் சொன்னார். ஆயா திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதினொன்று மதிப்பெண் எடுத்தவளை என்ன கேட்பது?

எனக்கு மனம் ஆறவில்லை. நோட்டுக் கணக்கைத் தோற்கடித்தவள் எப்படித் தேர்வில் தோற்றாள்? கல்லூரி நூலகத்திலும் கைப்பேசியிலும் தேடித் தேடிப் படித்தேன். நான் அறிந்துகொண்டவற்றை நண்பர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

மறதி நோயைக் கேள்வி கேட்டு அறியும் வழக்கம் பழையது. ஆல்சைமர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1901இல் பிராங்பர்ட் நகரில், தம்மிடம் வந்த 51 வயதுப் பெண்மணி ஒருத்தியிடம் அவள் பெயர், கணவர் பெயர், கையில் காட்டிய பொருளின் பெயர் என்று கேட்டுக் கேட்டு எழுதி வைத்தார். அவள் இறந்த பின் அவள் மூளையை ஆராய்ந்து 1906இல் அறிஞர் அவையில் எடுத்துரைத்தார். அவர் பெயரே இன்று அந்நோய்க்கு வழங்குகிறது.

ஆயா எழுதிய தேர்வு 1975இல் அமெரிக்காவில் பிறந்தது. போல்ஸ்டீன் தம்பதியரும் மெக்ஹியூ என்பவரும் அதை வகுத்தனர். மொத்தம் 30 மதிப்பெண். நாள், மாதம், ஆண்டு போன்ற காலம் பற்றி 5. இடம் பற்றி 5. மூன்று சொற்களைக் கேட்டுச் சொல்ல 3. ஏழு ஏழாகக் கழிக்க 5. அச்சொற்களை நினைவுகூர 3. மொழி, வரைதல் முதலியவற்றுக்கு 9. வழக்கமாக 24க்குக் கீழே போனால் ஐயம் கொள்ள வேண்டும் என்பார்கள். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதால் உலகெங்கும் பரவிற்று. கருவி நல்ல கருவிதான். ஆனால் யாருக்காகச் செய்யப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும்.

கணித மாணவன் ஆகையால் ஒரு கூட்டல் போட்டுப் பார்த்தேன். படிப்பதற்கு 1, எழுதுவதற்கு 1, வரைவதற்கு 1, கழித்தலுக்கு 5. ஆக 8. பள்ளிக்கே போகாத ஒருவர் இந்த எட்டையும் இழப்பது இயல்பு. அவர் நினைவாற்றல் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் 22க்கு மேல் எடுக்க வழியில்லை. அதாவது தேர்வு தொடங்கும் முன்பே அவர் 24 என்னும் கோட்டுக்குக் கீழே நிற்கிறார்! இது என் கற்பனை அன்று. 1993இல் அமெரிக்காவில் 18,056 பேரின் மதிப்பெண்களைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஒன்பது ஆண்டுகளும் அதற்கு மேலும் பள்ளியில் படித்தோரின் இடைநிலை மதிப்பெண் 29. நான்கு ஆண்டுகளோ அதற்குக் குறைவாகவோ படித்தோருக்கு 22. நான் போட்ட கூட்டலும் அந்த எண்ணும் ஒன்றாக வந்ததைப் பார்த்து இரவு உறக்கம் வரவில்லை.

நம் நாட்டிலும் இதை உணர்ந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். ஹரியானாவில் பல்லப்கர் என்னும் பகுதியில், எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்து முதியவர்களுக்காக இத்தேர்வை இந்தியில் மாற்றி அமைத்து 1995இல் வெளியிட்டார்கள். ‘கண்களை மூடு’ என்று எழுதியதைப் படிப்பதற்குப் பதிலாக, கேட்பவர் தாமே கண்களை மூடிக் காட்டி, தம்மைப் போலவே செய்யச் சொன்னார். வாக்கியம் எழுதுவதற்குப் பதிலாக, தம் வீட்டைப் பற்றி ஏதேனும் சொல்லச் சொன்னார். எவ்வளவு எளிய மாற்றம்! கேள்வியின் நோக்கம் கெடவில்லை. கேட்கப்படுபவரின் மானமும் கெடவில்லை. 2005இல் கனடாவின் மாண்ட்ரீல் நகரிலிருந்து வந்த மற்றொரு தேர்வில், பன்னிரண்டு ஆண்டுகளோ குறைவாகவோ படித்தவருக்கு ஒரு மதிப்பெண் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஒரு மதிப்பெண் எங்கள் ஆயாவுக்குப் போதாது. என்றாலும் படிப்பு குறுக்கே நிற்கிறது என்று ஒப்புக்கொண்டார்களே, அதுவே பெரிது.

1998இல் ‘10/66’ என்ற பெயரில் ஓர் ஆராய்ச்சிக் குழு தோன்றியது. மறதி நோய் உள்ளவர்களில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் 10 விழுக்காட்டுக்கும் குறைவானதே அவர்களைப் பற்றியது என்பதைச் சுட்டிக் காட்டும் பெயர் அது. நம் சென்னையிலும் வேலூரிலும் அவர்கள் ஆய்வு நடத்தினர். முதியவரிடம் கேட்பதோடு நில்லாமல், அவரோடு வாழ்பவரிடமும் கேட்பது அவர்கள் முறை. 1989இல் ஆஸ்திரேலியாவில் வகுக்கப்பட்ட வினாத்தாள் ஒன்றில் முதியவரிடம் கேள்வியே இல்லை. முழுவதும் உடன் வாழ்பவரிடம்தான். பத்தாண்டுகளுக்கு முன் இருந்ததோடு ஒப்பிட்டால் இப்போது எப்படி இருக்கிறார் என்பதே அதன் சாரம்.

மற்றொரு செய்தியும் என்னைக் கவர்ந்தது. ஐதராபாத்தில் 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட, இரண்டு மொழிகள் பேசியவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டுகள் கழித்தே வந்தது என்று கண்டிருக்கிறார்கள். எழுத்தறியாதவர்களிடமும் அந்த வேறுபாடு தெரிந்ததாம். எங்கள் ஆயா வீட்டில் தமிழ் பேசுவாள். சந்தையில் தெலுங்கில் விலை பேசுவாள். ஓசூர்ப் பக்கத்து வியாபாரியிடம் கன்னடத்தில் சண்டை போடுவாள். அவளைச் சோதித்த தாளில் இதற்கெல்லாம் ஒரு மதிப்பெண்கூட இல்லை.

துணைப்பாடமான புள்ளியியல் வகுப்பில் முதல் வகைப் பிழை, இரண்டாம் வகைப் பிழை என்று படித்திருக்கிறோம். அப்போது அவை வெறும் சூத்திரங்கள். இப்போது கணக்கிட்டுப் பார்த்தேன். இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினருக்கு மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு மதிப்பிடுகிறது. ஏறத்தாழ 88 இலட்சம் பேர். ஆயிரம் முதியவர்களை எடுத்துக்கொண்டால் 74 பேருக்கு நோய். 926 பேருக்கு இல்லை. நோய் உள்ளவரில் நூற்றுக்கு எண்பது பேரையும், இல்லாதவரில் நூற்றுக்கு எண்பது பேரையும் சரியாகச் சொல்லும் ஒரு தேர்வு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது 74 பேரில் 59 பேரைக் கண்டுபிடிக்கும். ஆனால் நோயே இல்லாத 185 பேரையும் நோயாளி என்று சொல்லிவிடும். சுட்டிக் காட்டப்படும் நான்கு பேரில் ஒருவருக்குத்தான் உண்மையில் நோய்! அதனால்தான் இத்தகைய தேர்வு சல்லடையே அன்றித் தீர்ப்பு ஆகாது என்கிறார்கள். சலித்த பின் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பார்க்க வேண்டும். இது புளி தட்டும் எங்கள் ஆயாவுக்குத் தெரிந்த பாடந்தான்.

இவ்வளவும் படித்த பின் எனக்கு ஒரு வீறாப்பு வந்தது. ஆயாவுக்கு நோயே இல்லை. படிக்காத குற்றத்துக்காக அவளைத் தோற்கடித்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். 2025 சனவரியில், பொங்கல் கழிந்த மறுவாரம், வேறொரு பெரிய மருத்துவமனையில் முதியோர் மருத்துவம் பார்க்கும் பெண் டாக்டரிடம் அழைத்துப் போனோம். இம்முறை அம்மாவும் வந்தார். நான் குறிப்புகளைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரைப் போலப் போனேன்.

டாக்டர் என் வாதத்தைப் பொறுமையாகக் கேட்டார். பழைய சீட்டைப் பார்த்தார். “நீங்க சொல்றது சரிதான் தம்பி, இந்த மார்க்கை நான் நம்பல” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு அவர் ஆயாவின் காதைப் பார்த்தார். அடைத்திருந்த அழுக்கை எடுக்கச் செய்தார். கண்ணில் புரை இருப்பதைக் குறித்துக்கொண்டார். இரத்தம் எடுத்து வைட்டமின் பி12, தைராய்டு முதலியவற்றைப் பார்க்க எழுதினார். தாத்தா இறந்த பின் சரியாகச் சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா, அழுகிறாளா என்று கேட்டார். மன வருத்தம், தைராய்டுக் குறைவு, சத்துக் குறைவு, சில மாத்திரைகள், சிறுநீரில் தொற்று, எப்போதோ தலையில் பட்ட அடி இவையெல்லாம் மறதி நோய் போலவே வேடம் போடும் என்றும், அவற்றில் பல குணமாகக் கூடியவை என்றும் விளக்கினார்.

பிறகு அம்மாவிடம் திரும்பினார். “நீங்க சொல்லுங்கம்மா. உங்க மாமியார் முன்னே எப்படி? இப்ப எப்படி?”

அம்மா முதலில் தயங்கினார். பிறகு பேசத் தொடங்கியவர் அரை மணி நேரம் நிறுத்தவில்லை. இரண்டு ஆண்டுகளாகவே புளிக் கணக்கில் அத்தை தடுமாறுவது, கொட்டையைச் சட்டியில் போட்டாளா இல்லையா என்று மறந்து மீண்டும் மீண்டும் போடுவது, வியாபாரியோடு நியாயமில்லாமல் சண்டை போட்டது, களிக்கு வைத்த உலையில் இருமுறை உப்புப் போடுவது, ஒருநாள் நடுப்பகலில் பிறந்த வீட்டுத் திண்ணைக்குப் போய், என்றோ இறந்துபோன தன் அம்மாவைக் கூப்பிட்டது. எல்லாவற்றையும் நாள் குறித்து வைத்தது போலச் சொன்னார். “வீட்டுல சொன்னா, மாமியார் மேல குத்தம் சொல்றான்னு நெனைப்பாங்க. அதான் சொல்லல” என்றார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானுந்தான். நூலகத்தில் அத்தனை கட்டுரைகளைத் தேடிய நான், ‘உடன் வாழ்பவரைக் கேள்’ என்று படித்துக் குறிப்பும் எடுத்த நான், அடுக்களையில் இருந்த அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லையே!

அதன்பின் டாக்டர் ஆயாவோடு பேசினார். “பாட்டி, நூறு ரூபா கொண்டு கடைக்குப் போறீங்க. ஏழு ரூபாய்க்குச் சாமான் வாங்கினா மீதி எவ்வளவு?”

“தொண்ணூத்தி மூணு.” கண்ணிமைக்கும் நேரத்தில் வந்தது விடை. எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது.

“இன்னொரு ஏழு ரூபாய்க்கு?”

“எண்பத்தாறு.”

“இன்னொரு ஏழு?”

ஆயா வாய் திறந்தாள். பிறகு, “எதுக்கு சாமி கேக்கற? நான் எங்கியும் கடைக்குப் போவலியே” என்றாள். கணக்கு அவளிடம் இருந்தது. பிடித்து வைத்திருக்கும் கைதான் தளர்ந்துவிட்டது.

டாக்டர் அவளுக்குத் தெரிந்த பொருள்களின் பெயர்களையே, இப்போது நன்றாகக் கேட்கும்படி, சொன்னார். ஐந்து நிமிடம் ஆடு, மழை, புளி என்று பேச்சுக் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்டார். ஒன்றுகூட வரவில்லை. முதலெழுத்தைச் சொல்லியும் வரவில்லை. “அப்படி ஏதும் நீ சொல்லலியே கண்ணு” என்றாள் ஆயா. இம்முறை நான் உதட்டை அசைக்கவில்லை.

பி12 மிகவும் குறைந்திருந்தது. ஊசி போட்டார்கள். ஒன்றிரண்டு மாதங்களில் கால் எரிச்சல் குறைந்தது. முகத்தில் ஒரு தெளிவு வந்தது. காது கேட்டதால் பேச்சும் கூடிற்று. ஆனால் மறதி முழுவதும் போகவில்லை. தலைப் படமும் எடுத்துப் பார்த்த பின் டாக்டர் சொன்னார்: “மறதி நோய் இருக்கு. ஆனா தொடக்க நிலை. கடுமையானது இல்லை. ஒருத்தரை இன்னொருத்தரோட ஒப்பிட்டுப் பார்க்கக் கூடாது தம்பி. அவங்களை அவங்களோடவே ஒப்பிடணும்.”

அன்று பேருந்தில் திரும்பி வரும்போது எனக்கு ஒன்று விளங்கியது. முதலில் சோதித்தவர் அவள் படிக்காததை நோய் என்று எண்ணினார். நான் அவள் நோயைப் படிக்காமை என்று எண்ணினேன். இரண்டும் பிழையே. அவள் முன்பு என்னவாக இருந்தாள் என்று அவர் கேட்கவில்லை. இப்போது என்னவாக இருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. நான் பிடித்த கொடியில் பாசம் இருந்தது என்பது உண்மை. ஆனால் அந்தப் பாசத்தால் அவளுக்குச் சேர வேண்டிய மருந்து இன்னும் ஓராண்டு தள்ளிப் போயிருக்கவும் கூடும்.

தொடக்க நிலை என்றதால் வீட்டில் சில மாறின. சுருக்குப் பை சில்லறைக் காசுகளுடன் அவள் இடுப்புக்குத் திரும்பி வந்தது. அம்மா பக்கத்தில் இருக்கும்போது அடுப்பு மூட்டலாம் என்றாயிற்று. தன் விருப்பம் எது என்று சொல்ல அவளால் இன்னும் முடியும். தெளிவாக இருக்கும் நேரத்தில் கேளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆகவே ஒரு நாள் காலை, அப்பாவும் சித்தப்பாவும் அவள் அருகில் உட்கார்ந்து நிலத்தைப் பற்றிக் கேட்டார்கள். மறுவாரமும் கேட்டார்கள். இரண்டு முறையும் ஒரே விடை வந்தது.

“நிலத்த ரெண்டு பேரும் பிரிச்சுக்குங்க. மேட்டுல நிக்கற புளியமரத்த மட்டும் விக்காதீங்க. அது எங்கம்மா வெச்சது.”

அந்த மரத்தை யார் வைத்தது என்று எங்களில் ஒருவருக்கும் அதுவரை தெரியாது. பதினொன்று என்ற எண்ணை நம்பியிருந்தால் யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். அவள் சொல்லியிருக்கவும் மாட்டாள். மரம் இன்று நிற்கிறது.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் தலைமுறையினர். நம் வீடுகளில் எழுத்தறியாத ஆயாக்களும் தாத்தாக்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொன்னதையே சொன்னால், வழி தவறினால், வழக்கமான வேலையில் தடுமாறினால், ‘வயதானால் அப்படித்தான்’ என்று தள்ளிவிடாதீர்கள். காதையும் கண்ணையும் இரத்தத்தையும் சோதிக்கச் செய்யுங்கள். டாக்டரிடம் போகும்போது அவர்களோடு அன்றாடம் வாழ்பவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். பெரும்பாலும் அது நம் அம்மாவாக இருப்பார். அவரைப் பேச விடுங்கள். நாளை நம்மில் சிலர் ஆசிரியராவோம், சிலர் அலுவலராவோம், சிலர் மருத்துவமனைகளில் பணி புரிவோம். நம் கையிலும் அச்சிட்ட தாள்கள் வரும். எதிரில் இருப்பவர் ‘புரட்டாசி’ என்று சொன்னால், பெருக்கல் குறி இடும் முன் ஒரு கணம் நிற்போம்.

இப்போதெல்லாம் மாலையில் நான் வீடு திரும்பும்போது ஆயா திண்ணையில் உட்கார்ந்து புளியங்கொட்டைகளை ஐந்து ஐந்தாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருப்பாள். எதற்கான கணக்கு என்று அவளுக்குத் தெரியாது. என்னைக் கண்டதும், “என்ன படிக்கற சாமி?” என்பாள்.

“கணக்கு ஆயா.”

“நல்லது. நம்ம வீட்டுக்குக் கணக்குதான் ஆகி வரும்.”

நேற்றும் கேட்டாள். நாளையும் கேட்பாள். எத்தனை முறை கேட்டாலும் முதல் முறை கேட்டது போலவே விடை சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டிருக்கிறேன். ஆயாவின் தேர்வு முடிந்துவிட்டது. இனி எழுத வேண்டியவன் நான்.